வேலையைக் குடுத்தாச்சு, முடிவை?



புதுசா மேனேஜர் ஆனவர்களைப் பற்றிப் போன எபிசோடில் கதைத்தோம். அதுக்குப் பிறகு வந்த மெசேஜ்களில் ஒரு வசனம் திரும்பத் திரும்ப வந்தது: "நான் டெலிகேட் பண்ணுறதில கொஞ்சம் வீக்." ரொறன்ரோவில் இருந்து வந்தது, லண்டனில் இருந்து வந்தது, ஒஸ்லோவில் இருந்தும் வந்தது. இன்டர்வியூவில் "உங்கட பலவீனம் என்ன" என்று கேட்டால் சொல்ல நல்ல வசதியான பதில். ஆனால் அதை வைத்து ஒன்றும் செய்ய ஏலாது.

ஏனென்றால் அந்த ஒரு வசனத்துக்குள் மூன்று வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் வேலையைக் குடுக்கிறதே இல்லை. இரவு 11 மணிக்கு லாப்டாப்பைத் திறந்து தானே செய்கிறார். இன்னொருவர் திங்கட்கிழமை குடுத்துவிட்டு, புதன்கிழமைக்குள் ஐந்து தரம் "எப்பிடிப் போகுது?" என்று கேட்கிறார். மூன்றாமவர் குடுத்த கையோடு காணாமல் போகிறார், டெட்லைன் அன்றுதான் திரும்ப முகம் காட்டுகிறார். மூன்றும் வேறு வேறு வருத்தம். மூன்றுக்கும் ஒரே பனடோலைக் குடுக்க ஏலாது.

இணையத்தில் இதுக்கென்று குவிஸ் எல்லாம் இருக்கிறது. பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னால் "உங்கட ஸ்டைல் இதுதான்" என்று ஒரு கலரைக் குடுக்கும், இல்லாவிட்டால் ஒரு மிருகத்தைக் குடுக்கும். எனக்கு அதில் பெரிய மதிப்பு இல்லை. குவிஸ் நிரப்பும்போது எல்லாரும் தாங்கள் இருக்க விரும்புகிற மேனேஜரைத்தான் நிரப்புவார்கள். நான் பார்க்கிற கேள்வி ஒன்றுதான்: ஒரு வேலையைக் குடுக்கும்போது, எதைக் குடுக்காமல் கையில் வைத்திருக்கிறீர்கள்?

ஒரு உதாரணம். பேமென்ட் சிஸ்டம் கட்டுகிற ஒரு டீம் என்று வையுங்கோ. இரண்டு வருஷ அனுபவம் உள்ள ஒரு பிள்ளையிடம், "இந்தச் சேவையைப் புது டேட்டாபேஸுக்கு மாத்துறது உங்கட பொறுப்பு" என்று லீட் சொல்கிறார். கேட்க நல்லா இருக்கிறது. ஆனால் எந்த டேட்டாபேஸ் என்று லீட் ஏற்கெனவே முடிவு எடுத்தாச்சு. எந்த ஒழுங்கில் மாற்றுவது என்பதும் அவர் எழுதின டாக்குமென்டில் இருக்கிறது. அவ கோட் எழுதி அனுப்பினால் 40 கொமென்ட், அதில் பாதி வேரியபிள் பெயரைப் பற்றி. அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது டைப்பிங் வேலை. முடிவு முழுக்க லீடின் கையிலேயே இருக்கிறது. ஆறு மாதம் கழித்து புரொமோஷன் கூட்டத்தில் இதே லீட் சொல்லுவார்: "நல்ல பிள்ளை, ஆனா இன்னும் சொந்தமா முடிவெடுக்கிற அளவுக்கு வரேல்லை."

இதில் எனக்கு உண்மையாகவே கோபம் வரும். எடுக்க ஒரு முடிவும் குடுக்காமல், முடிவெடுக்கத் தெரியாது என்று மார்க் போடுவது எந்த ஊர் நியாயம்?

எங்கட தமிழில் இதுக்கு இரண்டு நல்ல சொல் இருக்கிறது. ஒன்று ஒப்படைக்கிறது. மற்றது தலையில கட்டுறது. ஆங்கிலத்தில் இரண்டையும் சேர்த்து டெலிகேட் என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம். அம்மாவிடம் சொல்லிப் பாருங்கோ, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அரை நிமிஷத்தில் விளங்கப்படுத்துவா.

அம்மா என்று சொன்னவுடன் வீட்டுக்கு வருவோம். எங்களில் கனபேருக்கு இந்தப் பழக்கம் ஆபீசில் தொடங்கவில்லை.

இங்கே வளர்ந்த மூத்த பிள்ளைகளைக் கேளுங்கோ. 10, 11 வயதில் போன் கம்பனிக்கு அம்மாவின் குரலில் கதைத்தவர்கள். பாங்கில் அப்பாவுக்கும் கவுன்டருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தவர்கள். டொக்டர் சொன்னதைத் தமிழில் சொல்லும்போது பயம் வராத மாதிரி கொஞ்சம் குறைத்துச் சொன்னவர்கள். ஆராய்ச்சியாளர்கள் இதை லாங்குவேஜ் புரோக்கரிங் என்கிறார்கள். எங்களுக்கு அது "தம்பி, இந்தக் கடிதத்தில என்ன போட்டிருக்கு, ஒருக்காப் பார்." வேலை வந்தது, முடிவும் சேர்ந்தே வந்தது. எப்படிச் செய்யிறது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை, சொல்லித் தர அவைக்கும் தெரியாது. அதே வீட்டில்தான், குசினிக்குள் உதவி செய்யப் போனால் "விடு பிள்ளை, நான் செய்யிறன், நீ போய்ப் படி" என்றும் கேட்டோம்.

இந்த இரண்டையும் பார்த்து வளர்ந்த ஒருவர் 29 வயதில் மேனேஜர் ஆனால் என்ன நடக்கும்? ஒரு பகுதி ஆட்களுக்கு, வேலை குடுக்கிறது என்றாலே மற்றவருக்குப் பாரம் ஏத்திற மாதிரி. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு குடுப்பார்கள். "நேரம் இருந்தா மட்டும், பிரச்சினை இல்லை, இல்லாட்டி நானே பாக்கிறன்." பாசம் என்றால் மற்றவரின் வேலையைத் தான் எடுத்துச் செய்யிறது என்று படித்தவர்கள். இன்னொரு பகுதி நேர்மாறு. "எனக்கு ஆர் சொல்லித் தந்தது? நான் தானே கண்டுபிடிச்சனான்." இவர்கள் ஆளை ஆழத்தில் தள்ளிவிட்டு, நீந்தி வந்தால் திறமை, தாண்டால் ரிசல்ட் தெரிஞ்சுது என்று இருப்பார்கள்.

(இது தமிழ் இரத்தத்தில் ஓடுது என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. மார்க்கத்தில் பக்கத்து வீட்டு வியட்நாமியப் பிள்ளையும் இதே கதையைச் சொல்லும்.)

முதல் வகையை எல்லாரும் நல்ல மேனேஜர் என்று நினைப்பார்கள். எனக்கு அவரிலும் முறைப்பாடு இருக்கிறது. அவர் இரவு 11 மணிக்கு எடுத்துச் செய்கிற வேலை, டீமில் ஒருவர் தன் பெயரில் செய்து மேலே போயிருக்க வேண்டிய வேலை. அந்த இரக்கத்துக்கு விலை குடுக்கிறது அந்த 26 வயதுப் பிள்ளை.

மேனேஜர்களுக்கான புத்தகம் ஒன்று மட்டும் வாசிக்க நேரம் என்றால் நான் சொல்லுவது அன்ட்ரூ குரோவ் எழுதின 'ஹை அவுட்புட் மேனேஜ்மென்ட்.' 1983இல் வந்தது. குரோவ் 1936இல் புடாபெஸ்டில் பிறந்த யூதப் பிள்ளை. 1956 ஹங்கேரிய எழுச்சி நசுக்கப்பட்டபோது எல்லை கடந்து ஓடி, 1957இல் நியூயோர்க் வந்து சேர்ந்தவர். பிறகு இன்டெல் கம்பனியின் தலைவர். எங்கட அப்பா அம்மாவின் கதையைத் தெரிந்தவர்களுக்கு அந்த ஆளின் கண்டிப்பு எங்கே இருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

அவர் சொல்கிற முக்கியமான விஷயம்: ஒருவரை எவ்வளவு விட்டுப் பிடிக்கலாம் என்பது ஆளைப் பொறுத்தது இல்லை, அந்த ஆள் அந்த வேலையில் எவ்வளவு பழகியிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. புது வேலை என்றால் என்ன, எப்போது, எப்படி என்று விபரமாகச் சொல்ல வேணும். கொஞ்சம் பழகினால் இரண்டு பக்கமும் கதைக்கிற மாதிரி இருக்க வேணும். நல்லாப் பழகினவருக்கு இலக்கைச் சொல்லிவிட்டு, தூரத்தில் இருந்து கவனித்தால் போதும். ஒரே ஆள் ஒரு வேலையில் மேலேயும் இன்னொரு வேலையில் கீழேயும் இருப்பார்.

இதை எடுத்துக்கொண்டால் "என்ட ஸ்டைல் என்ன" என்ற கேள்வியே ஆட்டம் காணுகிறது. என்ட டீமில் ஒன்பது வருஷமாக பேக்கென்ட் எழுதுகிற ஒருவர் இருக்கிறார். அவரின் பேக்கென்ட் வேலையில் நான் திகதி மட்டும்தான் கேட்பேன். அதே ஆள் போன வருஷம் முதல் தரமாக வாடிக்கையாளர் கூட்டங்களை எடுத்து நடத்தத் தொடங்கினார். முதல் இரண்டு கூட்டத்துக்கும் நான் பக்கத்தில் இருந்தேன், முதல் நாள் ஒத்திகையும் பார்த்தோம். ஏன் இருக்கிறேன், எத்தனை தரம் இருப்பேன் என்று முதலே சொல்லியிருந்தேன். மூன்றாவது கூட்டத்துக்கு நான் போகவில்லை. மனிசருக்குக் கோபம் வருவது யாரோ கிட்ட நிற்கிறதால் இல்லை. ஏன் நிற்கிறார், எப்ப போவார் என்று தெரியாததால்தான்.

குரோவ் சொன்ன இன்னொன்று கேட்டவுடன் பிழையாகப் படும். உங்களுக்கு நல்லாத் தெரிந்த வேலை ஒன்று, தெரியாத வேலை ஒன்று. இரண்டில் எதைக் குடுப்பீங்கள்? தெரிந்ததைக் குடு என்கிறார் அவர். நீங்கள் செய்து பழகின வேலை என்றால், எங்கே பிழைக்கும் என்று உங்களுக்குத் தெரியும், தூரத்தில் இருந்தே கவனிக்கலாம். தெரியாததைக் குடுத்துவிட்டு எதைப் பார்த்துக் கவனிப்பது? ஆனால் தெரிந்த வேலைதான் எங்களுக்குப் பிடித்த வேலை, அதில்தான் எங்கட பெயர் இருக்கிறது. அதனால் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, பிடிக்காததையும் விளங்காததையும் கீழே தள்ளுகிறோம். தலையில கட்டுறது என்பது சரியாக இதுதான்.

கவனிப்பது என்றால் கடைசியில் பார்ப்பது என்று கனபேர் நினைக்கிறார்கள். 300 பேருக்குச் சமைக்கும்போது பாருங்கோ. பெரியவர் கறி வெட்டவும் மாட்டார், அடுப்பில் கிண்டவும் மாட்டார். ஆனால் முதற்பால் விடுகிறதுக்கு முன்னம் வந்து ஒருக்கா உப்புப் பார்ப்பார். அப்போது திருத்த இடம் இருக்கிறது. பரிமாறுகிற நேரம் வந்து "உப்புக் கூடிப்போச்சு" என்று சொல்லி என்ன பிரயோசனம்? 2,000 வரிக் கோட் எழுதி முடித்த பிறகு "இந்த வழி சரிவராது" என்று கொமென்ட் போடுவதும் அதுதான். ஒரு பக்க டிசைன் எழுதின நாளிலேயே, சூட்டோடு பாருங்கோ. குரோவும் இதையே சொல்கிறார்: பொருளின் பெறுமதி ஏறுகிறதுக்கு முன்னம் சோதி.

எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. நீங்கள் நல்லாத்தான் ஒப்படைத்திருப்பீர்கள், வேலை திரும்பி உங்களிடமே வந்துவிடும். 1974இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் ஒன்கன், வாஸ் என்ற இரண்டு பேர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒவ்வொரு வேலையையும் முதுகில் இருக்கிற ஒரு குரங்கு என்று வைத்து எழுதினது. ஊழியர் வந்து "ஒரு பிரச்சினை" என்கிறார். மேனேஜர் "யோசிச்சுச் சொல்லுறன்" என்கிறார். அந்த நொடியில் குரங்கு இவர் முதுகுக்குப் பாய்ந்துவிட்டது. எங்கட "பாத்திட்டுச் சொல்லுறன்" இருக்கே, அதைவிடச் சுகமான குரங்குப் பாலம் உலகத்தில் இல்லை. அடுத்த வாரம் உங்கட ஸ்லாக்கில் அந்த வசனத்தைத் தேடிப் பாருங்கோ. எத்தனை தரம் வருகிறதோ, அத்தனை குரங்கு.

தமிழ் ஆட்கள் சேர்ந்து நடத்துகிற சின்னக் கம்பனிகளில் இன்னொரு சிக்கல். மேனேஜரை "அண்ணா", "அக்கா" என்று கூப்பிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கும். ஆனால் அண்ணா சொன்னதை மறுத்துக் கதைக்கிறது எங்களுக்கு லேசான விஷயம் இல்லை. 1999இல் டேவிட் மார்க்கே என்பவர் சான்டா ஃபே என்ற அமெரிக்க அணு நீர்மூழ்கிக் கப்பலுக்குத் தலைவராகப் போனார். அதுக்கு முதல் வேறொரு கப்பலுக்காக ஒரு வருஷம் படித்திருந்தார், கடைசி நேரத்தில் இந்தக் கப்பலுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு பயிற்சியின்போது மோட்டாரை ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கூட்டச் சொன்னார். பக்கத்தில் நின்ற அதிகாரி அதை அப்படியே திருப்பிச் சொன்னார். சுக்கான் பிடித்தவர் ஒன்றும் செய்யவில்லை. கேட்டால், அந்தக் கப்பலில் அப்படி ஒரு வேகமே இல்லையாம். அந்த அதிகாரிக்கும் அது முதலே தெரியும். தலைவர் சொன்னார் என்பதால் சொன்னார், அவ்வளவுதான்.

மார்க்கே அதுக்குப் பிறகு கட்டளை போடுவதையே குறைத்தார். அதிகாரிகள் அனுமதி கேட்கக் கூடாது. "நான் இதைச் செய்யப்போறன், காரணம் இது" என்று சொல்ல வேணும். 2012இல் 'டேர்ன் த ஷிப் அரௌண்ட்' என்ற புத்தகத்தில் இதெல்லாம் எழுதியிருக்கிறார். ஆபீசில் இதைச் செய்ய நீர்மூழ்கி தேவையில்லை. உங்களிடம் "அண்ணா, என்ன செய்ய?" என்று கேட்கிற தம்பியிடம் "நீர் என்ன செய்ய நினைக்கிறீர், ஏன்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருங்கோ. முதல் கிழமை அந்த அமைதி இரண்டு பேருக்கும் வேதனைதான்.

இது ஒரு டெக் நியூஸ்லெட்டர் என்பதால் ஏஐ ஏஜென்ட் பற்றிச் சொல்லாமல் விட ஏலாது. கோட் எழுத ஏஜென்ட் பாவிக்கிறவர்கள் அதுக்கு எழுதிக் குடுக்கிற ஃபைலைப் பாருங்கோ. பின்னணி என்ன, எந்த ஃபோல்டரைத் தொடக்கூடாது, எந்த டெஸ்ட் பாஸ் ஆக வேணும், எந்த இடத்தில் நிறுத்திக் கேட்க வேணும், முடிந்தது என்றால் என்ன அர்த்தம். இரண்டு பக்கத்துக்கு அழகாக எழுதியிருப்பார்கள். அதே ஆள் அதே நாள் டீமில் உள்ள மனிசருக்கு ஸ்லாக்கில் எழுதுவது: "ஹேய், இதை ஒருக்காப் பாக்கேலுமா?" மெஷினுக்கு எங்கட மனசு தெரியாது என்று எல்லாருக்கும் தெரியும். மனிசருக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று நினைக்கிறோமோ தெரியாது. டெலிகேட் பண்ண எனக்கு வராது என்று சொல்கிறவர்கள் தங்கட ஏஜென்ட் ஃபைலை ஒருக்கா எடுத்து வாசிக்கலாம். நல்லாவே வருகிறது.

அடுத்தது, ஆருக்குக் குடுக்கிறீங்கள். மீட்டிங் குறிப்பு எழுதுவது, புதுசாச் சேர்ந்தவருக்கு இடம் காட்டுவது, இரண்டு டீமுக்கு நடுவில் ஓடித் திரிந்து சமாளிப்பது. டன்யா ரெய்லி என்ற இன்ஜினியர் இந்த வகை வேலைக்கு குளூ வேர்க் என்று பெயர் வைத்துப் பேசியிருக்கிறார். டீமை ஒட்டவைக்கிற பசை. பசை இல்லாமல் டீம் நிற்காது, ஆனால் புரொமோஷன் நேரம் பசையை ஒருவரும் பார்ப்பதில்லை. இந்த வேலை எப்பவும் மாட்டேன் என்று சொல்லாத ஆளிடம்தான் போகும். வீட்டில் மாட்டேன் என்று சொல்லப் பழகாத பிள்ளைகள் ஆர் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கட டீமில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், கடைசியாக அவவிடம் குடுத்த ஐந்து வேலையை எழுதிப் பாருங்கோ.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் குறள் மனனப் போட்டிக்கு நின்றவர்கள் இந்த இடத்தில் சிரிக்கலாம். 51ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல், 52ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல். ஆளைத் தெரிந்தெடுப்பதற்கு பத்துக் குறள், வேலையைக் குடுப்பதற்கு அடுத்த பத்து. இந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். 510ஆவது குறள், ஆராயாமல் நம்புவதையும் நம்பினவரைச் சந்தேகப்படுவதையும் ஒன்றாக வைத்து, இரண்டுமே தீராத துன்பம் என்கிறது. மேலே சொன்ன காணாமல் போகிறவரும் ஐந்து தரம் கேட்கிறவரும் அந்த ஒரே குறளில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். 517, ஏன் இந்த ஆள் என்று யோசித்த பிறகு வேலையை அவரிடமே விடச் சொல்கிறது. கோப்பைக்காகப் பாடமாக்கினதில் இவ்வளவு இருந்திருக்கிறது.

எல்லாத்தையும் குடுக்க வேணும் என்று நான் சொல்லவில்லை. ஒருவரின் சம்பளத்தைப் பற்றிக் கதைப்பது, வேலையால் நிறுத்துகிற செய்தியைச் சொல்வது, டீமில் இரண்டு பேர் முகம் பார்க்காமல் இருந்தால் கூப்பிட்டுக் கதைப்பது, இதெல்லாம் உங்கட வேலை. கஷ்டமாக இருக்கிறது என்பதுக்காக இதை எச்ஆரிடம் தள்ளிவிட்டு, கோட் ரிவ்யூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கிற மேனேஜர்கள் கனபேர்.

உங்கட பழக்கம் எது என்று பார்க்க குவிஸ் தேவையில்லை. கடந்த இரண்டு கிழமையின் கலண்டரையும் ஸ்லாக்கையும் திறவுங்கோ. டீமில் நடந்த பத்து வேலையை எடுத்து ஒவ்வொன்றுக்கும் நாலு விஷயம் எழுதுங்கோ. கையால் செய்தது ஆர். முடிவு எடுத்தது ஆர். நான் முதலில் எப்போது பார்த்தேன், டிசைனிலா முடிந்த பிறகா. மேலிடத்துக்குப் போன மெயிலில் ஆரின் பெயர் இருந்தது. முதல் கட்டத்தில் வேறு வேறு பெயரும் இரண்டாவது கட்டத்தில் பத்துத் தரமும் உங்கட பெயரும் இருந்தால், பதில் கிடைத்துவிட்டது. பிறகு அந்தப் பத்தில் ஒன்றை எடுத்து, அடுத்த தரம் முடிவோடு சேர்த்துக் குடுங்கோ. ஆபத்துக் குறைந்ததாக ஒன்று, பிழைத்தால் ஒரு நாளில் திருப்பி எடுக்கக் கூடியதாக. அந்த முடிவு நீங்கள் எடுத்திருக்கக் கூடியதைவிடக் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். அதைத் தொடாமல் விடுவதுதான் கஷ்டமான பகுதி.

அடுத்த எபிசோடில் இந்தப் பட்டியல்களை வைத்துத்தான் கதைக்கப் போகிறோம். ஆட்களின் பெயரையும் கம்பனியின் பெயரையும் எடுத்துவிட்டு அனுப்புங்கோ. வொய்ஸ் நோட் என்றால் 2 நிமிஷத்துக்குள் முடியுங்கோ. போன தரம் ஒருவர் 14 நிமிஷம் அனுப்பியிருந்தார், அதில் பாதி அவரின் மேனேஜரைப் பற்றி.